ஞாயிற்றுக்கிழமை யார் கொடுத்தது?



நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமை சிவப்பு எழுத்தில் இருக்கும். அன்று பள்ளிக்கூடம் கிடையாது. அலுவலகம் கிடையாது. பிள்ளைகள் நேரம் கழித்து எழுந்திருப்பார்கள். சூரியன் உதிப்பது போல இந்தச் சிவப்பு எழுத்தும் தானாக வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

அது தானாக வரவில்லை. ஆலைத் தொழிலாளர்கள் அதைக் கேட்டு வாங்கினார்கள். எழுதிக் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். அந்தக் கதை பம்பாயில் நடந்தது. அந்த ஊரை இப்போது மும்பை என்று சொல்கிறோம்.

அந்தப் பழைய கதைக்கு முன்னால், அதே ஊரில் ஒரு குடும்பத்தைப் பார்த்துவிட்டு வரலாம். அவர்களுக்குப் பெயர் வேண்டாம். அந்த ஊரில் இப்படி ஆயிரம் குடும்பம் இருக்கிறது.

மும்பையில் பரேல் என்று ஒரு பகுதி. அங்கே ஒரு பழைய சால். சால் என்றால் நீளமான மாடிக் கட்டடம். வரிசையாக ஒற்றை அறைகள் இருக்கும். அறைக்கு முன்னால் பொது நடை. கடைசியில் பொதுக் கக்கூஸ். தண்ணீர் விடியற்காலையில் வரும். பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒற்றை அறையில் ஒரு பெரியவர், அவர் மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள்.

பெரியவர் பஞ்சாலைத் தொழிலாளி. சொந்த ஊர் கொங்கணக் கடற்கரையில், ரத்னகிரி மாவட்டத்தில். 1971-இல் ஆலைக்கு வந்தார். முதலில் பதிலி வேலை. பதிலி என்றால் தினமும் காலை ஆலை வாசலில் போய் நிற்க வேண்டும். உள்ளே யாராவது வரவில்லை என்றால் கூப்பிடுவார்கள். எல்லாரும் வந்துவிட்டால் திரும்பி நடக்க வேண்டும். கூப்பிட்டால்தான் கூலி. விடுமுறை என்ற பேச்சே கிடையாது. வேலை இல்லாத நாள் வேறு, விடுமுறை நாள் வேறு. இந்த வித்தியாசம் பதிலியாக நின்றவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

1982 ஜனவரி 18-ஆம் தேதி பம்பாய் ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். டாக்டர் தத்தா சாமந்த் அதற்குத் தலைமை தாங்கினார். ஒரு ஆண்டுக்கு மேல் நீடித்தது. அதற்குப் பிறகு பல ஆலைகள் திறக்கவே இல்லை. பெரியவருக்கும் வேலை போயிற்று. பிறகு காவலாளி வேலை பார்த்து மகனை வளர்த்தார்.

அந்த ஆலை நிலங்களில் இப்போது உயரமான கட்டடங்கள் நிற்கின்றன. பெரிய பெரிய வணிக வளாகங்கள் வந்துவிட்டன. மகனுக்கு அப்படி ஒரு வளாகத்தில் துணிக்கடையில் வேலை. அப்பா துணி நெய்த பகுதியிலேயே மகன் துணி மடித்துக் கொடுக்கிறார். நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். இரவு 10 மணிக்குக் கடை சாத்துவார்கள். கலைத்துப் போட்ட துணியை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள்.

அவருக்கு வார விடுமுறை புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமைதான் ஊரெல்லாம் கடைக்கு வரும். அதனால் அன்று லீவு கேட்கவே முடியாது. பிள்ளைகளுக்கு ஞாயிறு விடுமுறை. அப்பாவுக்குப் புதன். ஒரே அறையில் குடியிருந்தும் ஒரு நாள்கூட எல்லாருக்கும் சேர்ந்தாற்போல விடுமுறை கிடையாது.

மருமகள் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். ஒரு வீட்டில் பாத்திரம், துணி. இன்னொரு வீட்டில் சமையல். அவருக்குப் புதனும் இல்லை, ஞாயிறும் இல்லை.

2024-ஆம் ஆண்டு விநாயகர் சதுர்த்தி செப்டம்பர் 7-ஆம் தேதி வந்தது. அன்று சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. கொங்கணத்துக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. எங்கே வேலை பார்த்தாலும் அன்று சொந்த ஊரில் இருக்க வேண்டும் என்று நினைப்பார்கள். பல வீடுகளில் ஒன்றரை நாள் பிள்ளையார். சனிக்கிழமை காலை பிள்ளையாரை வீட்டில் வைப்பார்கள். ஞாயிறு மாலை எடுத்துக்கொண்டு போய் ஆற்றிலோ கடலிலோ கரைப்பார்கள். பெரியவரின் மூத்த மகன் ஊரில் விவசாயம் பார்க்கிறார். பிள்ளையார் அவர் வீட்டில். எல்லாரும் அங்கே கூடுவது வழக்கம்.

ஆகஸ்ட் கடைசியில் கடையின் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. திருவிழா வாரத்தில் யாருக்கும் லீவு கிடையாது. வார விடுமுறையும் ரத்து.

மகன் மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டார்.

"மூணு வருஷமா ஊருக்குப் போகலை சார். ஒரு நாளாவது குடுங்க."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. கடையை நான் ஒருத்தனா நடத்தறது? முடியாதுன்னா சொல்லிடு. வேற ஆள் வெளியிலே நிக்கிறாங்க."

அன்று இரவு அவர் சாப்பிடாமல் படுத்தார். மகள் தூக்கத்தில் புரண்டு, "அப்பா, ஊருக்கு எப்போ?" என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. காரணமே இல்லாமல் மனைவி மேல் எரிந்து விழுந்தார். வேலையிடத்துக் கோபம் வீட்டில்தான் வந்து கொட்டும். இது மும்பையில் மட்டும் நடப்பது இல்லை.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். மறுநாள் காலை மகனிடம் கேட்டார்.

"வாயாலே கேட்டியா, எழுதிக் கேட்டியா?"

"எழுதினா மட்டும் குடுத்துடுவானா பாபா?"

அப்போதுதான் பெரியவர் லோகண்டேயின் கதையைச் சொன்னார். ஆலையில் இருந்தபோது சங்கக் கூட்டத்தில் கேட்ட கதை அது.

நாராயண் மேகாஜி லோகண்டே 1848-இல் தாணேயில் பிறந்தவர். பம்பாயில் ஒரு பஞ்சாலையில் சரக்கு அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அந்தக் காலத்தில் ஆலைக்கு மின்விளக்கு கிடையாது. பொழுது விடிந்தால் வேலை தொடங்கும். பொழுது சாய்ந்தால் முடியும். கோடையில் பகல் நீளம். அதனால் வேலையும் நீளம். 13 மணி நேரம், அதற்கும் மேலே நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் நிம்மதி இல்லை. எந்திரம் துடைக்கக் கூப்பிடுவார்கள். பாதி நாள் அதிலேயே போய்விடும். ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் எப்போது வரும் என்று தெரியாது. அதற்குள் கடைக்காரரிடம் கடன் ஏறிவிடும். இதையெல்லாம் லோகண்டே தினமும் கண்ணால் பார்த்தார்.

அவர் ஜோதிராவ் பூலேயின் தோழர். 1880 முதல் 'தீனபந்து' என்ற மராத்திப் பத்திரிகையை நடத்தினார். தீனபந்து என்றால் ஏழைகளின் உறவினன். ஆலைக்காரர்களின் கஷ்டத்தை அதில் எழுதினார்.

1881-இல் ஆங்கிலேய அரசு ஒரு தொழிற்சாலைச் சட்டம் போட்டது. அதில் வேலை நேர வரம்பு குழந்தைகளுக்கு மட்டும்தான். 7 வயது ஆகாத குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது. 7 முதல் 12 வயது வரை உள்ள குழந்தையை நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 8 வயதுக் குழந்தை 9 மணி நேரம் வேலை செய்யலாம் என்பதுதான் அந்தக் காலத்து இரக்கம்! பெரியவர்களின் வேலை நேரம் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

1884 செப்டம்பரில் லோகண்டே தொழிலாளர்களைக் கூட்டினார். ஒரு மனு எழுதினார்கள். 5,500 பேர் அதில் கையொப்பம் இட்டார்கள். என்ன கேட்டார்கள்? ஞாயிற்றுக்கிழமை முழு ஓய்வு வேண்டும். நண்பகலில் சாப்பிட அரை மணி நேரம் வேண்டும். காலை ஆறரை மணிக்கு வேலை தொடங்கிப் பொழுது சாயும்போது முடிய வேண்டும். ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் தர வேண்டும். எந்திரத்தில் அடிபட்டவருக்குக் குணமாகும் வரை கூலி வேண்டும். கை கால் போய்விட்டால் பிழைக்க வழி செய்ய வேண்டும்.

அரை மணி நேரச் சாப்பாட்டுக்கு ஒரு மனு! இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். அன்று அது சின்ன விஷயம் இல்லை. மனுவில் கையொப்பம் இட்டவர் யார் என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். மறுநாள் வாசலில் நிறுத்திவிடலாம். அது தெரிந்தும் 5,500 பேர் இட்டார்கள்.

மனு கொடுத்த உடனே எதுவும் நடக்கவில்லை. ஆண்டுகள் போயின. மறுபடியும் எழுதினார்கள். மறுபடியும் கூடினார்கள். 1890 ஏப்ரல் 24-ஆம் தேதி பம்பாய் மகாலட்சுமியில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. 10,000 பேர் வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளர்கள் எழுந்து பேசினார்கள். 1890-இல், ஆயிரக்கணக்கான ஆண்களுக்கு நடுவில், இரண்டு பெண்கள்.

அதே ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி ஆலை முதலாளிகள் சங்கம் ஒப்புக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. முதல் மனு கொடுத்து ஏறக்குறைய ஆறு ஆண்டு ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு, 1891-இல், சட்டமும் வந்தது. எந்திரம் ஓடும் பெரிய தொழிற்சாலைகளில் வாரம் ஒரு நாள் விடுமுறை என்று அதில் எழுதினார்கள். இந்தச் சட்டம் வருவதில் இங்கிலாந்து ஆலை முதலாளிகளுக்கும் அக்கறை இருந்தது. பம்பாய்த் துணி மலிவாக வந்து தங்கள் வியாபாரத்தைக் கெடுக்கிறது என்று அவர்களுக்குக் கவலை. யாருக்கு என்ன கணக்கு இருந்தாலும், கேட்ட குரல் தொழிலாளியின் குரல். லோகண்டே 1897-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது அதே நோயில் இறந்துபோனார். 2005-இல் அவர் படம் போட்ட தபால் தலையை இந்திய அரசு வெளியிட்டது.

பெரியவர் கதையை முடித்தார். மகன் ஒன்றும் பேசவில்லை. மருமகள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டார்.

"அந்த ரெண்டு பொம்பளைங்க பேசினாங்களே, அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை கிடைச்சுதா மாமா?"

"ஏன் கிடைக்காம? எல்லாருக்கும்தான் கிடைச்சுது."

"ஆலையிலே கிடைச்சிருக்கும். வீட்டிலே?"

பெரியவரிடம் பதில் இல்லை. அந்த வாரத் துணியெல்லாம் அன்றுதான் துவைத்திருப்பார்கள். அன்றுதான் ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். சமையலும் அன்று கூடுதலாகத்தான் இருந்திருக்கும்.

இது வாய்ப்பேச்சு இல்லை. நம் நாட்டில் 2019-இல் அரசு ஒரு கணக்கு எடுத்தது. ஒரு நாளின் நேரம் எப்படிப் போகிறது என்று வீடு வீடாகக் கேட்டார்கள். சமையல், துலக்குவது, பெருக்குவது போன்ற கூலியில்லாத வீட்டுவேலையைச் செய்யும் பெண்ணுக்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் போனது. ஏறக்குறைய 5 மணி நேரம். அதே வேலையைச் செய்யும் ஆணுக்கு 97 நிமிடம். அதிலும் 100 பெண்களில் 81 பேர் அந்த வேலையைச் செய்தார்கள். ஆண்களில் 100-க்கு 26 பேர்தான். இந்த 5 மணி நேரத்துக்கு ஞாயிறு, திங்கள் என்ற பேதம் கிடையாது.

மகன் மறுநாள் கடைக்குப் போனார். பணியாளர்கள் உடை மாற்றும் அறையின் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஜனவரியில் ஒட்டியது. அதன் மேல் தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு இருந்தார்கள். அன்று சட்டையை நீக்கிவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்த ஆண்டின் விடுமுறைப் பட்டியல் அது. எட்டு நாட்கள் இருந்தன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. அதோடு நான்கு பண்டிகை நாட்கள். அதில் ஒன்று, விநாயகர் சதுர்த்தி.

மகாராஷ்டிர மாநிலத்தில் கடைகளுக்கு 2017-இல் ஒரு சட்டம் போட்டார்கள். கடையை வாரம் முழுவதும் திறந்து வைக்கலாம். ஆனால் வேலை செய்பவருக்கு வாரத்தில் ஒரு நாள், தொடர்ந்து 24 மணி நேரம், ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். ஆண்டுக்கு எட்டுப் பண்டிகை விடுமுறை, சம்பளத்தோடு. அந்த நாளில் வேலை வாங்கினால் ஈடு செய்ய வேண்டும். அந்தக் கடையில் 30 பேர் வேலை செய்தார்கள். கடை அந்தச் சட்டத்துக்குள் வரும். பட்டியல் எட்டு மாதமாகச் சுவரில்தான் இருந்தது. படித்தவர்கள்தான் இல்லை.

அவர் ஒரு தாளில் எழுதினார். கோபமாக எழுதவில்லை. சண்டைக்கும் எழுதவில்லை. "சுவரில் உள்ள பட்டியலின்படி செப்டம்பர் 7 விடுமுறை நாள். கடையைத் திறக்க வேண்டியிருப்பது எங்களுக்குத் தெரியும். பாதிப் பேருக்குச் சனிக்கிழமையும் பாதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை தரும்படி கேட்டுக்கொள்கிறோம். வார விடுமுறையை ரத்து செய்ய வேண்டாம்." அவ்வளவுதான். மனைவி படித்துப் பார்த்து, தேதி போடச் சொன்னார். நகல் ஒன்று வைத்துக்கொள்ளவும் சொன்னார்.

கையெழுத்து வாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. சிலர் தாளைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டு வாடகை அவர்களுக்கும் இருக்கிறது. கடைசியில் 11 பேர் போட்டார்கள்.

மேற்பார்வையாளர் தாளைப் படித்தார். "கேட்டா குடுத்திருக்க மாட்டேனா? இதை எதுக்கு எழுதிக்கிட்டு?" என்றார். மூன்று நாள் முன்னால் கேட்டபோது அவர் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துப் புதிய பட்டியல் வந்தது. பாதிப் பேருக்குச் சனி, பாதிப் பேருக்கு ஞாயிறு. வார விடுமுறையும் திரும்பி வந்தது. மகனுக்கு விழுந்தது ஞாயிறு. அவர் தன் புதன்கிழமையைக் கூட வேலை செய்பவரிடம் கொடுத்துத் திங்கள்கிழமையை வாங்கிக்கொண்டார்.

மருமகளுக்கு அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. வீட்டு வேலைக்கு அந்தச் சட்டம் செல்லாது. ஒரு வீட்டு அம்மா, "போய்ட்டு வா, பிள்ளைங்களுக்குத் துணி எடுத்துக்கோ" என்று பணமும் கொடுத்து அனுப்பினார். இன்னொரு வீட்டில் நான்கு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். 1980-இல் புனே நகரத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒன்று சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டதில் கூலி உயர்வோடு விடுமுறையும் ஒன்று. 2008-இல் மகாராஷ்டிர அரசு வீட்டு வேலை செய்பவர்களுக்காக ஒரு நல வாரியச் சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் அந்த நான்கு நாள் சம்பளம் அவருக்கு வரவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மருமகளும் பிள்ளைகளும் பெரியவரும் வியாழக்கிழமை ரயிலில் போய்விட்டார்கள். மகன் சனிக்கிழமை இரவு 10 மணிக்குக் கடை சாத்திய பிறகு பேருந்து பிடித்தார். பண்டிகை நாளில் கோவா நெடுஞ்சாலையில் வண்டிகள் நகராது. பாதி வழி நின்றுகொண்டே போனார். நாள் முழுவதும் நிற்பவருக்கு அது புதிது இல்லை. ஞாயிறு நண்பகலில் ஊர் போய்ச் சேர்ந்தார். மகள் வரப்பில் ஓடி வந்தாள். "இன்னும் கரைக்கலை அப்பா, இன்னும் கரைக்கலை!" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

வீட்டில் மோதகம் மணத்தது. அரிசிமாவுக்குள் தேங்காயும் வெல்லமும் வைத்து ஆவியில் வேகவைப்பது. நம் கொழுக்கட்டையின் அக்காள் தங்கை என்று சொல்லலாம். அதைச் செய்ய மருமகள்கள் இருவரும் சனிக்கிழமை விடியற்காலை 4 மணிக்கே எழுந்திருந்தார்கள். வந்தவர்களுக்கு இலை போட்டார்கள். எடுத்தார்கள். மறுபடி போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான்.

மாலையில் பிள்ளையாரைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார்கள். தாளம் தட்டிப் பாடிக்கொண்டு போனார்கள். கரைத்துவிட்டு வரும்போது இருட்டிவிட்டது. பிள்ளையார் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. எல்லாரும் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள்.

பெரியவருக்குத் தேநீர் வேண்டும் போல இருந்தது. "ஒரு வாய்..." என்று தொடங்கினார். மும்பை மருமகள் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். பெரியவர் அவரைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ தெரியாது.

"நீ உட்காரும்மா" என்றார்.

தானே எழுந்து அடுப்படிக்குப் போனார். மகனும் பின்னால் போனார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவரின் குரல் வந்தது.

"சர்க்கரை எங்கே இருக்கு?"

மூத்த மருமகள் பதறிக்கொண்டு எழப் போனார். இளையவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கே இருந்தே சொல்லுங்க அக்கா."

"மேல் தட்டிலே, மாமா. நீல மூடி போட்ட டப்பா" என்று அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.